சிவப்பு லைட் எரியலைன்னா எண்ணெய் போகுதுன்னு அர்த்தமா?

கோபத்தோடதான் எழுதறேனுங்க. ஆறப் போட்டா எழுத மாட்டேன்.

பெருமாநல்லூர்ல இருந்து குன்னத்தூர் போற ரோட்டுல தெரிஞ்சவர் ஒருத்தர் நிட்டிங் ஷெட் வெச்சிருக்கார். ஜாப் ஒர்க்தான். பழைய 30 இஞ்ச், 24 கேஜ் சிங்கிள் ஜெர்சி மெஷின், செகண்ட்ஸ்ல வாங்கினது. துணியில கருப்புக் கோடு வருது, அலசினாலும் போக மாட்டேங்குதுன்னு சாயப்பட்டறையில ரோலைத் திருப்பி விட்டுட்டாங்க. ஊசி மாத்தியாச்சு. சிங்கர் (ஊசிக்கு நடுவுல துணியைப் பிடிக்கற தகடு) மாத்தியாச்சு. நூல் போட்ட மில்லுக்காரங்களோட சண்டையும் போட்டாச்சு.

நான் போய், ஊசிக்கு எண்ணெய் குடுக்கற ஆயிலர் பெட்டிக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பாத்தேன். லெவல் சென்சாருக்குப் போற வயரை வெட்டி, ரெண்டு முனையையும் ஒன்னா முறுக்கி, மேல கருப்பு டேப்பு.

"இது யாரு பண்ணினது?"

"முன்னாடி வந்த ஃபிட்டருங்ணா. சும்மா சும்மா லைட் எரிஞ்சு மெஷின் நின்னுட்டே இருந்துச்சு. ப்ரொடக்‌ஷன் போகுதுல்லங்ணா."

சும்மா எரியற லைட்டுன்னு ஒன்னு கிடையாதுங்க! ஒன்னு எண்ணெய்ல கோளாறு, இல்லைன்னா சென்சார், வயர்ல கோளாறு. ரெண்டுமே சரி பண்ண வேண்டிய கோளாறுதான். வயரை முறுக்கி விட்டா ரெண்டும் சரியாகறதில்லை, கண்ணுக்குத் தெரியாமப் போகுது, அவ்வளவுதான்.

(ஏன் முறுக்கினாங்கன்னு கேக்கறவங்களுக்கு: நிறைய லெவல் சென்சார்ல எண்ணெய் நெறைய இருக்கறப்போ உள்ள இருக்கற காண்டாக்ட் சேர்ந்திருக்கும், குறைஞ்சா பிரியும். வயர் அறுந்தாலும் மெஷின் நிக்கணும்னுதான் அப்படி வெச்சிருக்காங்க. ரெண்டு வயரையும் சேத்து முறுக்கிட்டா, டேங்க் காலியானாலும் "நெறைய இருக்குது"ன்னே மெஷின் நம்பிட்டு ஓடும். பாதுகாப்புக்குன்னு ஒருத்தர் யோசிச்சு வெச்ச விஷயத்தையே திருப்பி விட்டுட்டாங்க.)

ஒரு கணக்குச் சொல்றேன். எண்ணெய் என்னத்துக்கு இவ்வளவு முக்கியம்னு அப்பத்தான் புரியும்.

30 இஞ்ச், 24 கேஜ் மெஷின்ல கிட்டத்தட்ட 2,260 ஊசி இருக்கும். நூல் குடுக்கற ஃபீடர் 90. ஒவ்வொரு ஃபீடரைத் தாண்டும்போதும் ஒவ்வொரு ஊசியும் கேம் மேல ஏறி இறங்கணும். சிலிண்டர் நிமிசத்துக்கு 25 சுத்து சுத்துதுன்னு வைங்க. ஒரு ஊசி நிமிசத்துக்கு 2,250 தடவை ஏறி இறங்குது. நிக்காம ஓடினா எட்டு மணி நேர ஷிப்டுல பத்து லட்சம் தடவைக்கு மேல. இரும்பு மேல இரும்பு. நடுவுல இருக்கறது எண்ணெய்ப் படலம் மட்டும்தான்.

அந்தப் படலம் போச்சுன்னா மொதல்ல சூடு. அப்புறம் ஊசியோட பட் (கேம்ல உரசற மொளை) தேயும், கேம்ல பள்ளம் விழும். தேஞ்ச இரும்புப் பொடி பஞ்சோடயும் மிச்சம் மீதி எண்ணெயோடயும் சேர்ந்து கருப்புப் பசையாகி, ஊசி ஓடற காடியில உக்காந்துக்கும். அங்க இருந்து துணிக்கு வரும். அந்தக் கருப்புக் கோடு அலசினா போகாது. வெறும் எண்ணெய்க் கோடு சோப்புல போயிரும், இரும்புப் பொடி போகாதுங்க. சாயப்பட்டறையில இருந்து ரோல் திரும்பி வந்த கதை இதுதான்.

இப்ப ஆயிலருக்கு வரலாம். நம்ம ஊர்ல ஓடற பழைய மெஷின்கள்ல மூணு தினுசு பாத்திருக்கேன்.

ரொம்பப் பழசுல சொட்டுக் கிண்ணம். கண்ணாடி வழியா சொட்டறது கண்ணுக்குத் தெரியும். சென்சாரே கிடையாது, ஆபரேட்டர் கண்ணுதான் சென்சார். அதுக்கப்புறம் காத்து ஆயிலர். கம்ப்ரசர் காத்து எண்ணெயைப் பனி மாதிரி பிரிச்சு, டியூப் வழியா ஒவ்வொரு நாசிலுக்கும் தள்ளிட்டுப் போகும். காத்தும் சேந்து வர்றதால பஞ்சையும் கொஞ்சம் ஊதித் தள்ளிரும், அது ஒரு நல்ல விஷயம். மூணாவது பம்ப் ஆயிலர். எலெக்ட்ரானிக் போர்டு சொல்ற நேரத்துக்கு ஒரு அளவு எண்ணெயை லைனுக்குள்ள குத்தும். எண்ணெய் மிச்சம், அளவும் சொன்னபடி நிக்கும். ஜெர்மனியில மெம்மிங்கர் ஐரோங்கற கம்பெனி பண்ற காத்து ஆயிலர் யூனிவேவ், பம்ப் ஆயிலர் பல்சோனிக்னு பேரெல்லாம் நம்ம ஃபிட்டர்களுக்கு மனப்பாடம்.

காத்து ஆயிலர் வெச்சிருக்கறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில கம்ப்ரசர் டேங்க்ல தண்ணி நிக்கும். டிரெயின் பண்ணலைன்னா அந்தத் தண்ணி நேரா ஊசிக்குப் போகும். எண்ணெய் போக வேண்டிய பாதையில தண்ணி போனா துருதான். மழைக்காலத்துல "புது ஊசி போட்டும் துரு பிடிக்குது"ன்னு யாராச்சும் சொன்னா நான் ஊசியைப் பாக்கறதே இல்லை, கம்ப்ரசர் ரூமுக்குத்தான் போவேன்.

சரி. சொட்டுக் கிண்ணத்தைத் தவிர மத்த ஆயிலர்லயெல்லாம் ஏதோ ஒரு எச்சரிக்கை இருக்குது. அந்த எச்சரிக்கைக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுங்கறதுதான் இந்தப் பதிவோட விஷயமே.

மிதவை சென்சாருக்கு டேங்க்ல எண்ணெய் எவ்வளவு இருக்குதுன்னு மட்டும்தான் தெரியும். உள்ள ஒரு மிதவை, அதுல காந்தம், தண்டுக்குள்ள ஒரு சின்ன ரீட் சுவிட்ச். அவ்வளவுதான். பிரஷர் சுவிட்சுக்குக் காத்தோ எண்ணெயோ அழுத்தத்தோட இருக்குதான்னு தெரியும். நாசில் முனையில எண்ணெய் வருதான்னு இது ரெண்டுக்குமே தெரியாது!

இதுல இன்னொரு கஷ்டம் இருக்குது. சிலிண்டர் சுத்தும், நாசில் நிக்கும். ஒரே வேலைக்கு சுத்தியும் நாலஞ்சு நாசில் இருக்கறதால, ஒன்னு அடைச்சாலும் அடுத்த நாசில் அதே ஊசிக்கு எண்ணெய் குடுத்துரும். துணியில ஒன்னும் தெரியாது, மெஷினும் சத்தம் போடாது. பல ஆயிலர்ல அடைச்ச லைனோட எண்ணெய் மத்த லைனுக்குப் போயிரும், பிரஷரும் அப்படியே நிக்கும், லைட்டும் எரியாது. ரெண்டு, மூணுன்னு அடைச்சு, கடைசியா ஒரு நாள் ஊசி கொத்தா உடையும்போதுதான் எல்லாரும் ஓடி வருவோம்.

நம்ம தெரிஞ்சவர் ஷெட்டுல நடந்ததும் இதேதான். டேங்கைக் கழட்டினோம். அடியில பழுப்பு நிறத்துல சேறு. பஞ்சும் பழைய எண்ணெயும் கெட்டியாகி மிதவைத் தண்டுல ஒட்டியிருக்குது. மிதவை கீழயே மாட்டிக்கிச்சு. டேங்க் நெறைய எண்ணெய் இருந்தாலும் "எண்ணெய் இல்லை"ன்னு லைட் எரியும். ஃபிட்டர் மூடியைத் திறந்து பாத்திருப்பார், எண்ணெய் இருந்திருக்கும், சென்சார் பொய் சொல்லுதுன்னு முடிவு பண்ணியிருப்பார்.

ஆனா மிதவையைப் பிடிச்சு வெச்ச அதே சேறுதான் அடியில இருந்த வலை ஃபில்டரையும் அடைச்சது. சிங்கர் பக்கம் போற லைனையும் அடைச்சது. சென்சார் தப்பாத்தான் சொல்லுச்சு. ஆனா அது ஏன் தப்பாச் சொல்லுதுன்னு ஒரு பத்து நிமிசம் தேடியிருந்தா, கருப்புக் கோடே வந்திருக்காது. பொய் அலாரம்னு ஒதுக்கறதுக்கு முன்னாடி, பொய் ஏன் வந்துச்சுன்னு பாக்கோணுங்க.

இந்த எடத்துல கொஞ்சம் கடல் பக்கம் போயிட்டு வர்றேன். (பெருமாநல்லூர்ல உக்காந்துட்டு கடலான்னு கேக்காதீங்க, சம்பந்தம் இருக்குது.)

தூத்துக்குடிப் பக்கம் ஃபைபர் போட் வெச்சிருக்கற நண்பர் ஒருத்தர்கிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். "எங்க அவுட்போர்டு மோட்டார்லயும் இதே வியாதிதான்"னார். ரெண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்ல எரிபொருளோட எண்ணெயும் சேந்து போகணும். டிவிஎஸ் 50க்கு பங்க்ல 2டி ஆயில் கலந்து ஊத்தினோமே, அதே சங்கதி. ஆர்எக்ஸ் 100ல எண்ணெய்க்குத் தனி டேங்க், தனி பம்ப். போட் மோட்டார்லயும் அப்படித் தனி பம்ப் வந்துச்சு. அமெரிக்காவுல ஜான்சன், எவின்ரூட் மோட்டார் பண்ணின ஓஎம்சி கம்பெனி 1984ல விஆர்ஓன்னு ஒரு பம்ப் கொண்டுவந்தாங்க. மெதுவா ஓடறப்போ 150 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய், வேகமா ஓடறப்போ 50க்கு ஒன்னு. எண்ணெய் டேங்க்ல மிதவை சென்சார். சிலிண்டர் ஹெட்ல சூட்டு சென்சார். ரெண்டுக்கும் ஒரே ஹாரன்.

ஹாரன் அடிச்சா எண்ணெயா, சூடான்னு புதுசா ஓட்டறவங்களுக்குக் குழப்பம். பம்ப் மேல நம்பிக்கை இல்லாம நிறையப் பேர் அதையே கழட்டிட்டு கையால கலந்து ஊத்த ஆரம்பிச்சாங்க. நான் அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். கலந்து ஊத்தினா எரிபொருள் போற எடமெல்லாம் எண்ணெயும் போயே ஆகணும். கலக்க மறக்காத ஆளுக்கு அது நல்ல வழிதான். நம்ம நிட்டிங் மெஷின்ல அந்த வழி கிடையாது. நூல் வர்ற பாதை வேற, எண்ணெய் வர்ற பாதை வேற. எண்ணெய் சுத்தமா நின்னாலும் துணி பாட்டுக்கு இறங்கிட்டே இருக்கும். அதனால நம்மளுக்குத்தான் எச்சரிக்கை இன்னும் முக்கியம்.

போட் மெக்கானிக்குங்ககிட்ட ஒரு நல்ல பழக்கம் இருக்குது. சாவியைப் போட்டு, சென்சார்ல இருந்து வர்ற வயரைக் கழட்டி இன்ஜின் பாடியில தொட்டுப் பாப்பாங்க. ஹாரன் அடிக்கணும். அடிக்கலைன்னா ஹாரனோ வயரோ செத்துருச்சுன்னு அர்த்தம். ஹாரன் அடிச்சுட்டே இருந்தா, சென்சார் வயரை ஒன்னொன்னாக் கழட்டுவாங்க. எதைக் கழட்டறப்போ சத்தம் நிக்குதோ, கோளாறு அந்தப் பக்கம். கழட்டிப் பாத்துட்டுத் திரும்ப மாட்டிருவாங்க. வெட்டறதில்லை.

இதை அப்படியே ஷெட்டுக்குக் கொண்டுவரலாங்க. வாரம் ஒரு தடவை, மெஷின் ஓடறப்போ, ஆயிலர் மூடியைத் திறந்து சுத்தமான ஸ்க்ரூ டிரைவரால மிதவையை மெதுவா அழுத்துங்க. லைட் எரிஞ்சு மெஷின் நிக்கணும். நின்னா சென்சார், வயர், போர்டு, லைட் நாலும் உயிரோட இருக்குது. நிக்கலைன்னா அன்னைக்கே ஆளைக் கூப்பிடுங்க. (சுத்தி உறை போட்டிருக்கற மிதவையா இருந்தா, கனெக்டரை உருவினாலே பல மெஷின் நிக்கும்.)

மல்டிமீட்டர் இருந்தா இன்னும் நல்லது. மெஷினை ஆஃப் பண்ணிட்டு, கனெக்டரை உருவி, மீட்டரை பீப் மோடுல வெச்சு சென்சார் பக்கத்து ரெண்டு பின்னுலயும் தொட்டுட்டு, மிதவையை மேலயும் கீழயும் ஏத்தி இறக்குங்க. ஒரு எடத்துல பீப் வந்து, இன்னொரு எடத்துல நிக்கணும். மாறவே இல்லைன்னா ரீட் சுவிட்ச் போச்சு. ஒழுங்கா மாறுது, ஆனாலும் லைட் விட்டு விட்டு எரியுதுன்னா வயரைப் பாருங்க. மெஷின் அதிர்ந்து அதிர்ந்து வயர் உள்ளுக்குள்ளயே ஒடைஞ்சிருக்கும், மேல தோல் மட்டும் நல்லா இருக்கும். கனெக்டர் பின்னுல பச்சை பூத்திருந்தாலும் இதே கதைதான். பழைய மெஷின்ல பாதிக்குப் பாதி "பொய் அலாரம்" இந்த வயர் வேலைதான்னு எனக்கு எண்ணம்.

எண்ணெய் உண்மையிலயே போகுதான்னு பாக்கறதுக்கு சென்சாரை நம்பாதீங்க. டிஷ்யூ பேப்பரை நம்புங்க.

நாசில் ஒவ்வொன்னையும் கேம் பாக்ஸ்ல இருந்து உருவி, நுனிக்குக் கீழ வெள்ளை டிஷ்யூவைப் பிடிச்சு, ஆயிலரை மட்டும் ஓட விடுங்க (டெஸ்ட் பட்டன் பல மாடல்ல இருக்கும்). எல்லா பேப்பர்லயும் ஏறக்குறைய ஒரே அளவு வட்டம் வரணும். ஒன்னு காஞ்சிருந்தா அந்த லைன் அடைப்பு. ஒன்னு மட்டும் கருப்பா வந்தா அந்த லைனுக்குள்ள அழுக்கு. டியூப் மஞ்சளாகி வெறைச்சிருந்தா சுத்தம் பண்றதுல நேரத்தைக் கழிக்காதீங்க, மாத்திருங்க. ஊசி விக்கிற வெலைக்கு டியூப் ஒன்னுமே இல்லை.

அப்புறம் இன்னொரு சோதனை, இதுக்குக் காசே ஆகாது. ஆயிலர் டேங்க்ல எண்ணெய் மட்டத்துக்கு நேரா மார்க்கர் பேனாவால கோடு போடுங்க. ஷிப்ட் முடிஞ்சதும் இன்னொரு கோடு. ஒழுங்கா ஓடற காலத்துல எவ்வளவு இறங்குதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ஒரு நாள் வழக்கமா இறங்கற அளவு இறங்கலைன்னா, லைட் எரியலைன்னாலும் எண்ணெய் போகலை. டபுளா இறங்குச்சுன்னா எங்கயோ ஒழுகுது. லெவல் சென்சார் சொல்லாததை இந்தக் கோடு சொல்லிரும்.

சூடு பாக்கறதுக்கு இப்ப துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டர் வாங்கி வெச்சிருக்காங்க. நல்லதுதான். ஆனா பளபளன்னு இருக்கற இரும்பு மேல அது தப்பாக் காட்டும், நெசமான சூட்டை விடக் குறைவாத்தான் காட்டும். கேம் பாக்ஸ் மேல ஒரு துண்டு கருப்பு டேப் ஒட்டி, அந்த டேப் மேல பிடிங்க. தினமும் அதே எடம், அதே நேரம்.

எண்ணெய் வாங்கற விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்கன்னு கெஞ்சிக் கேக்கறேன். நீடில் ஆயில்னா அலசினா போற மாதிரி பண்ணின தண்ணி மாதிரி எண்ணெய். பொதுவா 22, இல்லைன்னா 32 கிரேடு. மெஷின் புத்தகத்துல போட்டிருக்கும். வெலை கம்மின்னு 68 கிரேடு ஹைட்ராலிக் ஆயில் ஊத்தற ஆளுங்களை நான் நேர்ல பாத்திருக்கேன். கெட்டி எண்ணெய் சின்ன நாசில் வழியா சரியாப் போகாது, மார்கழிக் காலையில இன்னும் மோசம், அலாரமும் அடிக்கும். துணியில பட்டா லேசுல போகாது. லைக்ரா துணின்னா 190 டிகிரிக்குப் பக்கமா ஹீட் செட் பண்ணுவாங்க, அந்தச் சூட்டுல எண்ணெய்க் கறை மஞ்சளா அப்படியே உக்காந்துரும். இன்னும் சில எடத்துல கீழ வடிஞ்ச எண்ணெயைத் துணியில வடிகட்டித் திரும்ப ஊத்தறாங்க. அதுல இரும்புப் பொடி இருக்குதுங்க. பண்ணாதீங்க.

திங்கக்கிழமை மொத ரோல்ல எண்ணெய்க் கோடு வர்றது வேற விஷயம். ஞாயித்துக்கிழமை பூரா நின்ன மெஷின்ல எண்ணெய் கீழ இறங்கித் தேங்கும். ஓட்டினதும் கொஞ்ச மீட்டர் துணியில கோடா வரும், அப்புறம் தெளியும். அதுக்குப் பயந்து ஆயிலர் அளவைக் குறைச்சு வெக்கறாங்க பாருங்க, அதுதான் தப்பு. அந்தக் கொஞ்ச மீட்டரைத் தனியா வெட்டி வெச்சிருங்க, அளவைத் தொடாதீங்க. கோடு தெளியவே இல்லைன்னா மட்டும், மெஷின் நின்னப்புறமும் ஆயிலர் சொட்டுதான்னு பாருங்க. வால்வு சரியா மூடாம இருக்கும்.

"துணியில கொஞ்சம் எண்ணெய் பட்டா என்னங்க, டையிங்ல போயிரும்"னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க. போற எண்ணெய் எங்க போகுது? சாயப்பட்டறைத் தண்ணிக்குத்தான். சாயக் கழிவால நொய்யல் ஆறு என்ன ஆச்சுன்னு நம்ம யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரத்துப்பாளையம் அணை எப்படிக் கெடந்துச்சுன்னு நம்ம கண்ணாலயே பாத்தோம். 2011 ஜனவரியில சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்போ ஊரே வேலை இல்லாம நின்னுச்சு. இப்ப ஒரு சொட்டு கழிவுநீர் வெளிய விடக் கூடாதுன்னு சுத்திகரிக்கறாங்க, அதுக்கு ஆகற செலவு கொஞ்சநஞ்சமில்லை. நம்ம ஷெட்டுல வீணா வடியற எண்ணெய், அங்க கூடுதல் சோப்பா, கூடுதல் தண்ணியா, கூடுதல் கரண்டா போய் நிக்குது. ஆயிலரைச் சரியா வெக்கறது நம்ம மெஷினுக்கு மட்டும் பண்ற காரியமில்லீங்க.

கடைசியா ஒன்னு, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம்.

நைட் ஷிப்ட்ல மெஷின் பாக்கற பசங்கள்ல நிறையப் பேர் ஒடிசா, பீகார்ல இருந்து வந்தவங்க. நூல் அறுந்தா ஃபீடர்ல லைட் எரியும், கட்டி விட்டு ஓட்டணும்னு மொத நாளே சொல்லிக் குடுத்துருவோம். ஆயிலர் லைட் எரிஞ்சா என்ன பண்றதுன்னு யாரும் சொல்றதில்லை. ரெண்டு மணிக்கு மெஷின் நிக்குது, ஓனருக்குப் போன் பண்ணப் பயம், ரீசெட் பட்டனை அமுக்கி ஓட்டறான். திரும்ப நிக்குது, திரும்ப அமுக்கறான். விடியறப்போ கேம் போயிருக்கும், திட்டு அவனுக்கு விழும். அவன் மேல என்ன தப்பு இருக்குதுங்க? சொல்லிக் குடுக்காதது நாம.

ஒடியா, ஹிந்தி எழுதத் தெரிஞ்ச பையன் உங்க ஷெட்லயே இருப்பான். அவனை விட்டே ரெண்டு வரி எழுதி ஆயிலர் மேல ஒட்டுங்க: இந்த லைட் எரிஞ்சா டேங்கைப் பார், எண்ணெய் இருந்தும் எரிஞ்சா மெஷினை ஓட்டாதே, எந்த நேரமானாலும் இந்த நம்பருக்குக் கூப்பிடு. கீழ உங்க நம்பரைப் போடுங்க. ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் வந்தா எடுத்துப் பேசுங்க, திட்டாதீங்க.